கார் விளக்கின் உள்ளே ஈரம்

கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் மழை பெய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். பிற்பகல் வரை தார்ச்சாலை கொதிக்கும். பிறகு மேகம் திரண்டு, வயல்வெளியும் செம்பனைக் காடும் ஒன்றாய்த் தெரியும்படி ஊற்றித் தள்ளும். இரவில் வானம் வெளுத்துவிடும். மறுநாள் காலையில் காரை எடுக்கப் போனால், முன் விளக்கின் கண்ணாடியில் புகை படிந்தது போல ஒரு வெண்மை தெரியும். துணியால் துடைக்கிறோம், போகவில்லை. கையால் தேய்க்கிறோம், அப்போதும் போகவில்லை. ஈரம் உள்பக்கத்தில் அல்லவா இருக்கிறது!

அப்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பக்கத்து வீட்டு மாமா, "ஓட்டை விழுந்துவிட்டது, சிலிக்கோன் வைத்து அடை" என்பார். பட்டறைக்காரர், "விளக்கையே மாற்ற வேண்டும்" என்று சில நூறு ரிங்கிட் கணக்குச் சொல்வார். தோட்டத்துப் பையன் ஒருவன், "டிரில் வைத்து அடியில் துளை போடுங்கள், தண்ணீர் ஓடிவிடும்" என்பான். மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுமே காசைக் கெடுக்கக்கூடிய யோசனைகள். எப்போது கெடுக்கும், எப்போது கெடுக்காது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கடையில் ஐஸ் போட்ட தேநீர் வாங்கி மேசையில் வைக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் கிளாசின் வெளிப்புறம் வியர்த்து, மேசையில் வட்டமாய்த் தண்ணீர் தேங்குகிறது. தேநீர் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டா வெளியே வந்தது? இல்லை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவிதான் குளிர்ந்த கிளாசில் பட்டு நீராகியது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் அறிவியல் பாடத்தில் படிப்பதும் இதுதான். சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது அடியிலிருந்து சொட்டுகிறதே, அதுவும் இதேதான்.

கார் விளக்கில் நடப்பதும் இதுவே. விளக்குக்குள் காற்று இருக்கிறது. அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. மழைத்தண்ணீர் வெளியிலிருந்து கண்ணாடியை நனைத்துக் குளிர வைக்கிறது. விளக்கின் எல்லாப் பாகங்களிலும் முதலில் குளிர்வது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கண்ணாடிதான். ஆகவே ஈரம் அங்கே வந்து படர்கிறது.

"விளக்குத்தான் மூடியிருக்கிறதே, உள்ளே ஈரக்காற்று எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலரும் அறியாத விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய கார் விளக்கு முழுக்க மூடிய பெட்டி அல்ல. அது மூச்சு விடும் பெட்டி.

ஒரு காலத்தில் முழுக்க மூடியதாகத்தான் இருந்தது. வட்டமாக, ஏழு அங்குல அகலத்தில், கனமான கண்ணாடியால் ஆன விளக்குகளை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். சீல்டு பீம் என்று பெயர். பல்பு, கிண்ணம், முன்கண்ணாடி எல்லாம் ஒரே உருண்டையாய் ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் அதையே கட்டாயமாக்கினார்கள். அதற்குள் ஈரம் புக வழியே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கி எறிய வேண்டும். 1962இல் ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பு வந்தது. பின்னால் திறந்து பல்பை மட்டும் மாற்றும் முறை பரவியது. அமெரிக்காவும் 1983இல் அதற்கு இடம் கொடுத்தது. கண்ணாடி போய் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கும் வந்தது. நாம் வழக்கத்தில் இன்னும் கண்ணாடி என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

திறந்து மூடும் பெட்டியானதும் புதிய தொல்லை ஒன்று வந்தது. ஹாலஜன் பல்பு ஒன்று 55 அல்லது 60 வாட் எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் காற்று 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடானால், அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரியும். பெட்டியை இறுக மூடிவிட்டால் அந்த அழுத்தம் ஒட்டுகளைத் தள்ளிப் பிளக்கும். ஆகவே விளக்கின் பின்புறம் சிறு துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் வளைந்த ரப்பர்க் குழாய் இருக்கும். சிலவற்றில் தொப்பி போன்ற மூடி இருக்கும். சில விளக்குகளில் காற்றையும் ஆவியையும் விட்டு, தண்ணீரை மட்டும் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். விளக்கைப் போட்டதும் சூடான காற்று அவற்றின் வழியே வெளியேறுகிறது. விளக்கை அணைத்ததும் உள்ளே குளிர்ந்து, வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. நீங்கள் மழையில் வந்து நிறுத்தினீர்கள் என்றால், அது உறிஞ்சுவது மழைநேரத்து ஈரக்காற்று. ஆக, காலையில் நீங்கள் பார்க்கும் வெண்மை, நேற்று இரவு விளக்கு உள்ளே இழுத்த மூச்சுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தாளும் பென்சிலும் எடுக்கச் சொல்லுங்கள். 30 பாகை வெப்பத்தில் ஆயிரம் லிட்டர் காற்று, மிஞ்சி மிஞ்சிப் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் ஊர்க் காற்றில் அதில் நூற்றுக்கு எண்பது பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம், 24 கிராம். பெரிய விளக்கு ஒன்றின் உள்ளே பத்து லிட்டர் காற்று இருக்கிறது என்றால், அதில் இருக்கும் நீராவி கால் கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 கிராம். எனவே விளக்குக்குள் இருக்கும் ஆவி முழுவதும் நீராக மாறினாலும் ஐந்து சொட்டுக்கு மேல் தேறாது. முழுவதும் மாறுவதும் இல்லை. கண்ணாடி 24 பாகைக்குக் குளிர்ந்தால் அரைச் சொட்டுக்கும் குறைவாகத்தான் படியும். அந்த அரைச் சொட்டுதான் கண்ணாடி முழுதும் பரவி, விளக்கே போய்விட்டது போல் நம்மைப் பயமுறுத்துகிறது.

இந்தக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விளக்கின் அடியில் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கி, காரைத் திருப்பும்போது அலையடித்தால், அது காற்றிலிருந்து வந்த தண்ணீர் அல்ல. எங்கோ வழி இருக்கிறது, மழையோ கார் கழுவும் தண்ணீரோ அதன் வழியே நேராக உள்ளே புகுந்திருக்கிறது. மெல்லிய பனிக்கும் தேங்கிய தண்ணீருக்கும் மருந்து வேறு வேறு. பனிக்குத் தேங்கிய தண்ணீரின் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் காரே சாட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய கார் ஒன்று வைத்திருந்தேன். மழைக்காலத்தில் இடப்பக்க விளக்கில் பனி படரும். பத்து மணி வெயிலுக்குத் தானாகவே போய்விடும். அதை விட்டிருக்கலாம். நான்தான் ஆசிரியர் ஆயிற்றே, பழுதுபார்க்கத் தெரியாதா என்ன! கடையில் ஒரு சிலிக்கோன் குழாய் வாங்கி வந்து, விளக்கைச் சுற்றிலும் தடவினேன். அடியில் ஒரு ரப்பர்க் குழாய் தொங்கியது. அதுதான் ஓட்டை என்று முடிவுகட்டி, அதற்குள்ளும் நிறைய அடைத்தேன். மூச்சுக்குழாயை அடைக்கிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பனி போகவில்லை. முன்பு பத்து மணிக்குப் போனது, இப்போது பகல் முழுதும் நின்றது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. அத்தோடு இன்னொன்றும் நடந்தது. நான் வாங்கிய சிலிக்கோன் காய்கிறபோது வினிகர் வாடை அடிக்கும் வகை. அந்த வாடையே ஒரு புளிப்பு அமிலம். விளக்கின் உள்ளே வெள்ளி போல் மின்னும் கிண்ணம் இருக்கிறதே, அது வெள்ளியும் அல்ல, தகரமும் அல்ல. பிளாஸ்டிக்கின் மேல் பூசிய அலுமினியப் பூச்சு. அதன் கனம் மயிரிழையின் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஈரமும் அமிலமும் சேர்ந்து சில மாதங்களில் அதைப் பால்நிறமாக்கி, ஓரத்தில் உரித்துவிட்டன.

எனக்கு அது மெதுவாக நடந்ததால் தெரியவில்லை. தினமும் பார்க்கும் முகம் மெலிவது தெரியாதல்லவா? ஒரு நாள் விடியற்காலை, பக்கத்து வீட்டு அக்காவின் தாயாருக்கு மூச்சுத் திணறல் என்று கதவைத் தட்டினார்கள். அந்தப் பாட்டியைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. செம்பனைக்கு நடுவே போகும் பாதை, வழியில் விளக்குக் கம்பம் இல்லை. இடப்பக்கம் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தபோது அவர் காரின் மூக்குக்கு நேரே இருந்தார். பிரேக் பிடித்தது, கார் வழுக்கி நின்றது. சைக்கிளின் பின் சக்கரத்தில் பம்பர் தொட்டது, அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டவில்லை. "சார், உங்க லைட்டு எரியலையே" என்றார். எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிவதாக நான் நினைத்தேன், அவருக்கு எரிவது தெரியவில்லை.

பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீட்டர் போய்விடுகிறது. நனைந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 30, 35 மீட்டர் வேண்டும். தாழ்ந்த ஒளியில் நல்ல விளக்கே தெளிவாகக் காட்டுவது ஏறத்தாழ அந்த அளவு தூரம்தான். விளக்கு மங்கினால் கணக்கு நமக்கு எதிராகப் போய்விடும். அதோடு, உள்ளே நிற்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி போல வேலை செய்து, ஒளியை மேலும் கீழும் சிதறடிக்கிறது. சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழுகிறது. எதிரே வருகிறவர் நம் தோட்டத்துக் கப்சாய் மோட்டார் சைக்கிள்காரராக இருந்தால், மழையில் அவருக்கு ஏற்கெனவே பாதிக் கண்தான் தெரியும்.

சரி, உங்கள் விளக்கில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள், அல்லது காய்ந்த நாளில் வெயிலில் நிறுத்துங்கள். மெல்லிய பனி கலையத் தொடங்கி, ஓரிரு நாளில் முற்றும் போய்விட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. புதுக் கார்களின் கையேட்டிலேயே இப்படிப் பனி படர்வது இயல்பு என்று எழுதியிருப்பார்கள். சொட்டுச் சொட்டாய் ஓடினால், அடியில் தேங்கினால், பல நாளாகியும் போகாவிட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் எப்போதும் நனைந்திருந்தால், அங்கே கோளாறு இருக்கிறது. கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு விற்றவரிடமே போங்கள்.

எல்.இ.டி. விளக்குள்ள கார்களில் பனி அதிக நேரம் நிற்கும். அந்த விளக்கு தன் சூட்டைப் பின்பக்கம் தள்ளுகிறது, முன்கண்ணாடிக்கு ஹாலஜன் கொடுத்த சூடு கிடைப்பதில்லை. ஆகவே கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த பழைய விளக்கில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைத் திணிக்கிறார்களே, அது வேறு கதை. அந்தப் பல்பின் வால் நீளம். பின்மூடி பொருந்தாது. மூடியை வெட்டிவிடுவார்கள், அல்லது கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு விளக்கில் தண்ணீர் வருகிறது என்று கார்க் கம்பெனியைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த ஈர விளக்குகளில் பல இந்த வகைதான்.

தண்ணீர் புகும் வழியைத் தேடும்போது முதலில் அந்தப் பின்மூடியைத்தான் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் விளக்கின் முதுகில் ரப்பர் மூடியோ, திருகும் பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். பல்பு மாற்றிய கையோடு சரியாக மாட்டாமல் விட்டிருப்பார்கள். ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மூடி ஒன்றை மாற்றச் செலவு சொற்பம். அடுத்து மூச்சுத் துவாரத்தைப் பாருங்கள். செம்மண் சேறு அடைத்திருக்கலாம். நம் பக்கத்தில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு. மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்தால் போதும். கம்பியை விட்டுக் குத்தினால் உள்ளே சவ்வு இருந்தால் கிழிந்துவிடும். அதன் பிறகு முன்கண்ணாடியில் கீறல், கல்பட்ட வெடிப்பு, கண்ணாடியும் பெட்டியும் சேரும் ஒட்டு. இவற்றில் வழி இருந்தால் தண்ணீர் ஊற்றித்தான் கண்டுபிடிக்க முடியும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான், ஆனால் தண்ணீர் வெளியே, காற்று உள்ளே. விளக்கை நன்றாக உலர்த்தி மூடிவிட்டு, ஒரு குவளையால் ஒவ்வொரு பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஒட்டில் ஐந்து நிமிடம், பிறகு பக்கங்களில். உள்ளே எங்கே முதல் சொட்டு தோன்றுகிறது என்று ஒருவர் டார்ச்சு பிடித்துப் பார்க்கட்டும். இந்த வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள். அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியை மட்டும் விளக்கின் ஒட்டுக்கு நேரே பிடிக்காதீர்கள். இல்லாத வழியையும் அது உண்டாக்கிவிடும்.

உலர்த்துவது எப்படி? விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, பல்பு ஆறும் வரை காத்திருங்கள். பின்மூடியைக் கழற்றி, பல்பையும் எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்தபடி காரின் முகத்தை வெயிலுக்குத் திருப்பி நிறுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பனி போய்விடும். அவசரமென்றால் தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் வளையும் அளவு சூடு வேண்டாம். தேங்கிய தண்ணீர் இருந்தால் விளக்கைக் கழற்றிச் சாய்த்து வடித்த பிறகே உலர்த்த வேண்டும். கழற்றத் தெரியாவிட்டால் பட்டறையில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைக்கவே கூடாது. அந்த மெல்லிய பூச்சு துணியோடு வந்துவிடும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து மாட்டுங்கள்.

செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைச் சிலர் விளக்குக்குள் போட்டு வைக்கிறார்கள். உலர்த்தும்போது ஓரிரவு வைத்து எடுப்பதில் தவறில்லை. அங்கேயே விட்டால் நகர்ந்து சூடான பல்பில் ஒட்டும். விளக்கு நாள்தோறும் புதிய ஈரத்தை இழுப்பதால் பொட்டலமும் சில வாரங்களில் நிறைந்து சும்மா கிடக்கும்.

ஒட்டு விட்டிருந்தால் அடைக்கத்தான் வேண்டும். அங்கே அந்த மாமா சொன்னது சரி. முதலில் உள்ளே முற்றும் உலர்ந்திருக்க வேண்டும். பிறகு வெளிப்பக்கத்திலிருந்து, அந்த ஒட்டில் மட்டும். வினிகர் வாடை வராத சிலிக்கோன் என்று கேட்டு வாங்குங்கள். மூச்சுத் துவாரங்களைத் தொடக் கூடாது. துளை போடும் பையனுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். கீழே போட்ட துளையில் தண்ணீர் இறங்கும்தான். டயர் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் அதே துளையில் ஏறவும் செய்யும். கிண்ணம் உரிந்துவிட்ட விளக்குக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை. அங்கே பட்டறைக்காரர் சொன்னதுதான் முடிவு. நானும் கடைசியில் பழைய சாமான் கடையில் ஒரு விளக்கு வாங்கித்தான் மாட்டினேன்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் கார்க்காரர் பேச்சு என்று இருந்துவிட வேண்டாம். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன் விளக்கைப் போட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதி வந்தபின் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் ஆராய்ந்து பார்த்தார்கள். மற்றவர் கண்ணில் படாததால் மோட்டார் சைக்கிள்களுக்கு நேரும் விபத்துகள் சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. பகலில் அந்த விளக்கு வழி காட்டுவதற்காக எரியவில்லை, நம்மைக் காட்டுவதற்காக எரிகிறது. பால்நிறமாய்ப் போன விளக்கால் அந்தப் பயன் குறைந்துதான் போகும். கப்சாயின் விளக்குக்கும் பெரும்பாலும் அடியில் சிறு வடிகால் இருக்கும். ஈரம் நின்றால் முதலில் அதில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்று மாலையே ஒன்று செய்து பார்க்கலாம். இருட்டியதும் காரையோ மோட்டார் சைக்கிளையோ வீட்டுச் சுவருக்கு எதிரே, நாலைந்து அடி தள்ளி நிறுத்தி, விளக்கைப் போடுங்கள். வீட்டில் ஒருவரை இருபது முப்பது அடி தள்ளிப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். காரென்றால் இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சமாக இருக்கிறதா, சுவரில் ஒளியின் மேல் ஓரம் கோடு போல் தெளிவாக விழுகிறதா, அல்லது கலங்கிக் கிடக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுகிறவர் சொல்லக் கூடாது. என் அனுபவத்தில், ஓட்டுகிறவருக்கு அது கடைசியில்தான் தெரியும்.